அரை டிக்கெட்டுக்குக் கிழங்கான்

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் என்னை மீன் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. காரைக்காலுக்கு வந்தும் நல்ல மீன் வாங்கத் தெரியவில்லையே என்று வீட்டில் தினமும் பாட்டாம். தெருவில் யாரிடமோ கேட்டிருக்கிறார், அவர்கள் என் வீட்டைக் கைகாட்டிவிட்டார்கள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான்கு கடையைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினேன். ஐந்தாவது கடையில் நின்று ஒரு சங்கராவைத் தூக்கிச் செவுளைத் திறந்து பார்த்தேன், வைத்துவிட்டேன். அடுத்ததை எடுத்து வயிற்றில் விரலால் ஓர் அழுத்து அழுத்தி, இதைப் போடும்மா என்றேன். மனிதர் அசந்துபோனார். ஸ்கூட்டரில் திரும்பி வரும்போது, இதைக் குழம்பு வைத்தால் நன்றாக இருக்குமா, வறுத்தால் நன்றாக இருக்குமா என்று மரியாதையாகக் கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் சைவம். பிறந்ததிலிருந்து ஒரு நெத்திலியைக்கூட நாக்கில் வைத்ததில்லை. இதைச் சொன்னதும் அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். தெருமுனை வந்ததும் என்னை இறக்கிவிட்டுப் போய்விட்டார். மீனைச் சமைத்தாரா, தூக்கி எறிந்தாரா தெரியாது.

அவருக்கு விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. அது அவ்வளவு சின்னக் கதையும் இல்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்கள் வண்டி ஓட்டிக்கொண்டு கேட்கவில்லையே.

அப்போது நான் கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் எழுத்தர். தருமபுரத்தில் வீடு, வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பா நான் படிக்கும்போதே போய்விட்டார். தினமும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவேன். ஓர் ஐப்பசி மாதம், கொட்டுகிற மழை. பஸ் நிலையத்தில் வண்டியை எடுக்கும் நேரத்தில் எஞ்சினுக்குள்ளிருந்து கத்தல். டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, உள்ளே ஓர் உயிர் இருக்கும்போது வண்டியை எடுக்கமாட்டேன் என்று ஸ்டாண்டில் போய் டீ குடிக்க உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான், ஆனால் எனக்கு ஏற்கெனவே அந்த மாதத்தில் இரண்டு தாமதம். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு மெக்கானிக் வந்து, கையை விட்டு, கரிக்கட்டையாக ஒரு பூனைக்குட்டியை வெளியே எடுத்தார். உள்ளங்கை அளவு. ஒரு காது பாதி கருகியிருந்தது. உடம்பு முழுக்க கிரீஸ்.

இப்போது பஸ்ஸில் புதுப் பிரச்சினை. இதை யார் வைத்துக்கொள்வது? ஒரு அம்மா தன் வீட்டில் நாய் இருக்கிறது என்றார். ஒருவர் தன் மனைவிக்கு மூச்சுத்திணறல் என்றார். ஒருவர் ஜீவகாருண்யம் பற்றி நீளமாகப் பேசினார், ஆனால் கையை மட்டும் நீட்டவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "கொண்டாங்க, நான் வச்சுக்கிறேன். வண்டிய எடுங்க முதல்ல" என்று வாங்கிக்கொண்டேன். அன்பு, கருணை எல்லாம் கிடையாது, சுத்தமான எரிச்சல். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அது. அதையும் கோபத்தில்தான் செய்திருக்கிறேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது என் மடியைப் பார்த்து, "இது அரை டிக்கெட்டா சார்?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பெயர் அதுவே நின்றுவிட்டது.

மாலையில் வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மா நிலைப்படியில் மறித்துக்கொண்டாள். எங்கள் வீட்டுச் சைவம் உங்கள் வீட்டுச் சைவம் மாதிரி இல்லை. முட்டை போட்ட கேக் என்று சந்தேகம் வந்தால் அந்தத் தட்டையே தெருக்குழாயில் கழுவச் சொல்வாள். அம்மா பூனையைப் பார்த்தாள். அது அவளைப் பார்த்துச் சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தது. கொஞ்சம் இறங்கிவிட்டாள் என்று தெரிந்தது.

"இருக்கட்டும். ஆனா கவிச்சி இந்தப் படி ஏறக் கூடாது. அது கவிச்சி தின்னுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா அன்னிக்கே வெளில. இது என் வார்த்தை."

அம்மாவின் வார்த்தை என்றால் அரசாங்க ஆணை மாதிரி. திருத்தம் கிடையாது. எனக்கு விவரம் தெரிந்து அவள் சொன்ன வார்த்தையை மாற்றிக்கொண்டதே இல்லை.

ஆக, அரை டிக்கெட் தயிர்சாதத்தில் வளர்ந்தான். கிரீஸைக் கழுவியதும் உள்ளே வெள்ளையும் செம்பட்டையுமாக ஒரு பூனை இருந்தது. வெள்ளிக்கிழமைகளில் பாயசம். சதுர்த்திக்குக் கொழுக்கட்டைப் பூரணம். அம்மாவுக்கு அதில் அப்படியொரு பெருமை. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் பூனையைக் காட்டி, "எங்க வீட்டுப் பூனை சைவம்" என்பாள். வந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். சாமி அறை வாசலில் அவன் அசையாமல் உட்கார்ந்திருப்பான். தியானம் பண்ணுது பார் என்பாள் அம்மா. நானும் நம்பினேன். ஆபீசில் பெருமையாகச் சொல்லவும் செய்தேன், வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது வருடம் அவன் கதவில் முட்டிக்கொள்ள ஆரம்பித்தான். தாவினால் குறி தப்பும். மதிலில் ஏறப்போய் இரண்டு முறை தொட்டிக்குள் விழுந்தான். கால்நடை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். சின்ன வயதுப் பெண், அதிகம் பேசாத டாக்டர். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். தயிர்சாதம் என்றேன். வேறே? வெள்ளிக்கிழமை பாயசம் என்றேன். அவர் டார்ச்சை அணைத்து மேஜையில் வைத்தார்.

"சார், இது பூனை. மீனோ கறியோ இல்லன்னா அதுக்குக் கண்ணு போயிடும். போன பார்வை திரும்ப வராது. இருக்கறதயாவது காப்பாத்துங்க."

தியானமாம், தியானம். பாவி, கண் தெரியாமல் உட்கார்ந்திருந்திருக்கிறான். அன்று அவனை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வரும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் பூனை செத்துவிட்டது என்று நினைத்து வண்டியை மெதுவாக ஓட்டினார்.

அம்மாவிடம் சும்மா விட்டுப் பார்த்தேன். பூனை என்றால் மீன் தின்பதுதானேம்மா இயற்கை என்றேன். வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தாமல், குடேன், குடுத்துட்டு நீயும் அதோட மீன்காரி வீட்டுலயே இருந்துக்க என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த இடத்தில் மதாமைச் சொல்லவேண்டும். எங்கள் கொல்லைக்கு அந்தப் பக்கத்து வீடு மரி தெரேஸ் மதாமுடையது. இடையில் இடுப்பளவு மதில். அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், கணவர் போன பிறகு பென்ஷன் மதாமுக்கு வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் இருவரும் பாரீஸ் பக்கம். வருடத்துக்கொரு முறை தான் உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சிக் காகிதம் அனுப்பவேண்டும். அந்தக் காகிதத்தைப் பூர்த்தி செய்ய நான் உட்காரும்போதெல்லாம், உயிரோடத்தான் இருக்கேன், நல்லாப் பாத்து எழுது தம்பி என்பார். எங்கள் பூனையை அவர் முதல்நாள் முதலே பரிதாபமாகத்தான் பார்த்துவந்தார். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நீ மீனை வாங்கிக்கொண்டு வந்து கொடு, வேகவைத்து முள் எடுத்து என் வீட்டுக் கொல்லைப் படியில் வைக்கிறேன், உங்கம்மா படி வேறே, என் படி வேறே என்றார். சட்டப்படி சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் மீன் மார்க்கெட்டில் நான் பட்ட பாடு! முப்பது வயது ஆள், அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு கடை முன்னால் நின்று, ஒரு மீன் வேண்டும் என்றேன். என்ன மீன் என்றார் கடைக்கார அஞ்சம்மாள். எனக்கு எந்தப் பெயரும் தெரியவில்லை. பூனைக்கு என்றேன். அன்றிலிருந்து மார்க்கெட்டில் எனக்குப் பெயர் பூனை சார். பூனைக்கு என்று நான் சொன்னதால் ஊசிப்போனதைத் தலையில் கட்டினார்கள் போலிருக்கிறது, மதாம் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் போய்ச் சண்டை போட்டேன். அஞ்சம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"செவுளத் தூக்கிப் பாருங்க சார். செவப்பா இருந்தா புதுசு. காப்பிக் கலர்ல இருந்தா என்னய மாதிரி பழசு. பாக்காம வாங்கிட்டு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது."

பார்க்கப் பழகினேன். காரப்பொடி மீன் மலிவு, ஆனால் முள். மத்தி வாசனை ஊரைக் கூட்டும். அரை டிக்கெட்டுக்குப் பிடித்தது கிழங்கான். வெண்மையான, மெல்லிய, முள் அதிகமில்லாத மீன். கிழங்கான் வேகிற நாளில் மதில்மேல் ஏறி, கண் சரியாகத் தெரியாவிட்டாலும் மூக்கை மட்டும் திருப்பித் திருப்பி உட்கார்ந்திருப்பான். தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாதபோது கிழங்கானுக்காக நான் வலைக்காரர்கள் கரையேறுகிற நேரத்தைக்கூடத் தெரிந்து வைத்திருந்தேன். ஒரு முறை மீன் பையை ஆபீஸ் மேஜைக்கடியில் வைத்திருந்து, தண்ணீர் கசிந்து ஒரு வீட்டுவரிக் கட்டு நனைந்துவிட்டது. என் அதிகாரி அதை இரண்டு விரலால் தூக்கி, இந்த வீடு கடற்கரையிலா இருக்கிறது என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

வீட்டுக்கு வரும்போது முன்வாசல் கிடையாது. மதாம் வீட்டுச் சந்து வழியாகப் போய், பையைக் கொடுத்துவிட்டு, கொல்லைக் குழாயில் புளி போட்டுக் கையைக் கழுவி, காப்பித்தூளைத் தேய்த்து, மோந்து பார்த்து, பிறகுதான் பின்கட்டு வழியாக உள்ளே நுழைவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் வாரத்துக்கு நான்கு நாள் மறைத்தேன். அம்மா கேட்டால் ஆபீசில் காப்பி கொட்டிவிட்டது என்பேன். எத்தனை காப்பிதான் கொட்டும் ஓர் ஆபீசில்?

அப்போதுதான் அம்பகரத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல சைவக் குடும்பம், நிலம் நீச்சு, பெண் பி.எட். ஜாதகம் பொருந்திவிட்டது. நானும் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன், அதில் என்ன மறைக்க வேண்டியிருக்கிறது. பெண் பார்க்க நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி. தரகர் வந்தார். தண்ணீர் குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளைப் பையனான என்னை மீன் மார்க்கெட்டில் பார்த்தாராம். சும்மா போனதில்லையாம், செவுளைத் தூக்கிப் பார்த்து, பேரம் பேசி, நாள்பட்ட அசைவக்காரன் மாதிரி வாங்கினானாம்.

அந்தத் தாய்மாமன் மீன் மார்க்கெட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. விடுங்கள்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் காலடியில் அரை டிக்கெட் படுத்து, முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்போது இடது கண் முழுக்கப் போய்விட்டது, வலது கண்ணில்தான் உலகம். பூனைக்கு என்று சொன்னால் எனக்குக் கல்யாணம் நடக்கும். அவன் தெருவுக்குப் போவான். தெருவில் நாய், லாரி, அரைக் கண். ஒரு வாரம் தாங்கமாட்டான். சொல்லாவிட்டால் சட்டைப்பையில் இருக்கிற போட்டோவைத் தரகரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாம்மா. நான்தான் சாப்பிடறேன். ஆபீஸ்ல பழகிட்டேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பூனையைப் பார்த்தாள். திட்டவில்லை, அழவில்லை. தரகரைப் போய்விட்டு வரச் சொன்னாள். என்னிடம் கை கழுவிவிட்டு வா, சாப்பிடலாம் என்றாள். அவ்வளவு அமைதியாக அவளை நான் பார்த்ததே கிடையாது. மறுநாளிலிருந்து தண்டனை ஆரம்பமாயிற்று. எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். சனிக்கிழமை திருநள்ளாறு போய் நளன் குளத்தில் முழுக்கு. இனிமேல் தொடமாட்டேன் என்று சூடத்தில் கை வைத்துச் சத்தியம். நான் என்றைக்குமே தொட்டதில்லை என்பதால் அந்தச் சத்தியத்தை மட்டும் தைரியமாகச் செய்தேன்.

இரண்டு வாரம் கழித்து அதிசயம் நடந்தது. அம்பகரத்தூரிலிருந்து அவர்களே சொல்லி அனுப்பினார்கள், பெண் பார்க்க வரலாமென்று. பொருத்தம் அவ்வளவு விசேஷமாக இருக்கிறது, சின்ன விஷயத்துக்காக விட மனமில்லையாம். எல்லாம் நளன் குளத்து மகிமை என்று நினைத்தேன். பல பேரிடம் சொல்லி, இரண்டு பேரை அங்கே குளிக்கவும் அனுப்பியிருக்கிறேன்.

கல்யாணம் நடந்தது. வந்த பெண் முதல் வாரமே அரை டிக்கெட்டை மடியில் போட்டுக்கொண்டாள். கிழங்கான் தொடர்ந்தது, புளியும் காப்பித்தூளும் தொடர்ந்தன. தாய்மாமன் ஒரு தீபாவளிக்கு வந்தபோது என்னைத் தனியாக ஓரம் கட்டி, வஞ்சிரம் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் மாப்பிள்ளை என்று விசாரித்தார். அஞ்சம்மாளிடம் அனுப்பினேன்.

பூனைகள் எவ்வளவு வருடம் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அரை டிக்கெட் பதினாலு வருடம் இருந்தான். கடைசி வரைக்கும் வலது கண் தெரிந்தது. ஒரு மார்கழிக் காலையில் துவைகல்லின்மேல் வெயில் காய்ந்தபடியே போய்விட்டான். மதிலோரம் நந்தியாவட்டைக்குக் கீழே நான்தான் குழி தோண்டினேன். மண்ணைத் தள்ளப் போகும்போது அம்மா வாழையிலைப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அவன் முகத்துப் பக்கத்தில் வைத்தாள். தயிர்சாதம், வழிக்கு என்றாள். அன்று அம்மா மூன்று தடவை குளித்தாள். பூனைக்கெல்லாம் தீட்டு உண்டா என்று கேட்க நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. மதாம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

அடுத்த சில வருடங்களில் மதாமைப் பிள்ளைகள் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். போகிற அன்று மதில் வழியாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டவர், வாசலில் கார் ஹாரன் அடிக்கும் வரைக்கும் விடவில்லை. எனக்குத் தெரிந்து அவர்கள் இருவரும் உப்புக்கூட மாற்றிக்கொண்டதில்லை, இதென்ன இவ்வளவு பாசம் என்று நினைத்தேன்.

அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. காரியமெல்லாம் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, ஒருநாள் மனைவியிடம் மனசு விட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்வேன், ஆனால் பெற்றவளைப் பன்னிரண்டு வருடம் ஏமாற்றினேனே, அவள் கடைசி வரைக்கும் சைவப் பூனை சைவப் பூனை என்று நம்பிக்கொண்டே போய்விட்டாளே, அதுதான் அறுக்கிறது என்றேன். அவள் கொடியிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"நீங்களா அத்தைய ஏமாத்துனீங்க? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி அத்தை தனியா பஸ் ஏறி எங்க வீட்டுக்கு வந்தாங்க. என் பிள்ளை பொய் சொல்றான், அந்த மீன் பூனைக்குன்னு சொன்னாங்க. அப்பா கேட்டாங்க, அப்ப பூனைய வெரட்டிட்டா சரியாப் போச்சேன்னு. அதுக்கு அத்தை, எனக்குத் தெரிஞ்சா வெரட்டணும், நான் சொன்ன வார்த்தை அப்படி, அதனால எனக்குத் தெரியாது, நீங்களும் அவன்கிட்ட சொல்லிடாதீங்கன்னாங்க."

ஊரெல்லாம் பெருமை பீற்றிய பூனையைப் பற்றி, முன்பின் தெரியாத மனிதர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அது மீன் தின்கிறது என்று அம்மா தன் வாயாலேயே சொல்லியிருக்கிறாள். எனக்காக. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள். அத்தனை வருடமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்தான்.

மனைவி இன்னும் முடிக்கவில்லை. நான் ஆபீஸ் போயிருக்கும்போது மதில் வழியாக மதாமும் அம்மாவும் பேசிக்கொள்வார்களாம். இன்னிக்குச் சாப்பிட்டானா என்று அம்மா கேட்பாளாம். எதை என்று இரண்டு பேரும் சொல்லமாட்டார்களாம்.

"அன்னிக்குக் குழில வச்ச பொட்டலம் தயிர்சாதம் இல்லிங்க. கிழங்கான். மதாம் பொரிச்சு மதில் மேல வச்சாங்க. அத்தை அவங்க கையாலயே எடுத்து இலையில கட்டுனாங்க."

அதற்குத்தான் அன்று அம்மாவுக்கு மூன்று முழுக்கு. எனக்கு இருபது வருடமாக இது தெரியாது. தெரிந்தவர்களில் ஒருத்தி போய்விட்டாள், இன்னொருவர் பாரீசில் எங்கேயோ, உயிரோடு இருக்கிறார் என்ற காகிதத்தை இப்போது யார் பூர்த்தி செய்து தருகிறார்களோ. மதாம் வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். இடுப்பளவு மதில் இருந்த இடத்தில் இப்போது ஆளுயரச் சுவர். நந்தியாவட்டை அஸ்திவாரத்தோடு போய்விட்டது. மார்க்கெட்டில் அஞ்சம்மாள் இடத்தில் அவர் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒருத்திதான் இன்னும் பூனை சார் என்கிறாள், எந்தப் பூனை என்று அவளுக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக்காரர் என்னைத் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போனார். நான் புதுக் கட்டடத்துக்குப் பக்கத்துச் சந்தில் நுழைந்து, சுற்றிக்கொண்டு வந்து, கொல்லைக் கதவைத் திறந்தேன். குழாயடியில் புளி இருந்தது, அது எப்போதும் இருக்கும். கையைக் கழுவினேன். காப்பித்தூள் தேய்த்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி பின்கட்டில் வந்து நின்றாள்.

"முன்னாடி வாசல் வழியாவே வரலாமே. இன்னும் யாருக்குப் பயந்துகிட்டு?"

சரிதான் என்று குழாயை மூடினேன். பிறகு திறந்து இன்னொரு தடவை கழுவினேன்.